ஏழாவது ஆள்

மரக்காணம்
13.6.2005

தம்பி ஜெனிஷ்,

நல்லாயிருக்கியான்னு கேக்கப் போறதில்ல. நேத்துதான் நேர்ல பாத்தேனே. வெள்ளைச் சட்டை, தோள்ல பட்டை, கையில சங்கிலி. நல்லாத்தான் இருக்க.

பாண்டிச்சேரியிலேர்ந்து வந்த ஆளுங்க படகுல கால வைக்கிற நேரம். ஜீப்புல வந்து எறங்கினீங்க நீயும் உங்க பஞ்சநாதன் சாரும். நம்பர் இல்லாத படகு ஓடக் கூடாதுன்னு அவரு சொன்னாரு. சரி, அவரு யாரோ. சங்கிலியப் போட்டுப் பூட்டினது நீ. நான் கிட்ட வந்ததும் என் மூஞ்சியப் பாக்காம "தள்ளி நில்லும்மா"ன்ன. பதினோரு வருசம் மூத்தவ நான். உனக்குத் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்பினவ. யாரோ ஒரு பொம்பளைய வெரட்டுற மாதிரி வெரட்டின.

சுனாமி நம்ம வீட்ட எப்பிடிப் பண்ணிட்டுப் போச்சுன்னு உனக்குத் தெரியாததா? உன் மச்சான் மரியதாஸ் இன்னி வரைக்கும் கடல் சத்தம் கேக்குற தூரத்துக்குக்கூட வர்றதில்ல. படகோட பொறந்த மனுசன் இப்போ உப்பளத்துல உப்பு வார்றாரு. நிவாரணத்துல கொடுத்த ஃபைபர் படகு கரையில காஞ்சிகிட்டு கெடந்துது. கடலுக்குத்தான் போக முடியல, கழுவெளி ஏரித் தண்ணியில நாலு பேர ஏத்திக்கினு சுத்தலாம்னு நான் எறங்கினேன். ஆதிமூலம் ஓட்டுறான். மூணு மாசமாத்தான் அடுப்பு ஒழுங்கா எரியுது. அதுலயும் வந்து பூட்டிட்ட.

கடைப் போன்ல பேசினா ஊரே காது வச்சிக் கேக்கும். அதான் எழுதுறேன். பூட்ட எப்போ எடுப்பீங்க?

அக்கா
ஆனந்தம்மாள்

*

திண்டிவனம்
20.6.2005

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ரூமுக்கு வந்துதான் படித்தேன். ஆபீசுக்கு எழுதாதே, இந்த விலாசத்துக்கே எழுது. படகு வைத்திருக்கிறவர்கள் யாரோடும் நாங்கள் தனியாகப் பேசக் கூடாதென்று உத்தரவு. அக்கா என்று சொன்னால் இன்னும் மோசம்.

அன்றைக்குப் பூட்டுப் போட வேறு ஆள் இருந்தான். அவன் போட்டிருந்தால் உன்மேல் கேஸும் எழுதியிருப்பான். அதனால்தான் சங்கிலியை நானே கேட்டு வாங்கினேன். உன் முகத்தைப் பார்த்திருந்தால் என்னால் பூட்டியிருக்க முடியாது.

நீ திட்டுவாய், தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். டிசம்பரில் ஊர் கோயில் வாசலில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்களே, அந்த முகங்களைத் துணி விலக்கிக் காட்டிக்கொண்டு நின்றவன் நான். நீச்சல் தெரியாத வெளியூர்க்காரர்கள், கைக்குழந்தைகள், இவர்களைக் கணக்கில்லாமல் ஏற்றிக்கொண்டு போகிற படகைப் பார்த்தால் எனக்கு அந்தக் கோயில் வாசல்தான் ஞாபகம் வருகிறது. படகுகளைக் கண்காணிக்க இந்த ஆபீஸ் வந்ததே நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

படகுக்கு நம்பர் எழுது. பயணிகள் ஆறு பேர், ஓட்டுகிறவர் ஒருவர், அதற்குமேல் கூடாது. ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட். எல்லைக்கு நட்டிருக்கிற சிவப்புக் கொடிகளைத் தாண்டக் கூடாது. இவ்வளவும் செய்தால் பூட்டு திறக்கப்படும். நானே வந்து திறப்பேன்.

தம்பி
ஜெனிஷ்

*

மரக்காணம்
29.8.2005

தம்பி,

நம்பர் எழுதியாச்சு. ஜாக்கெட் வாங்கியாச்சு. வெயில்ல அதப் போட்டா உடம்பு வெந்து போவுதுன்னு வர்றவங்க கத்துறாங்க. போடாட்டி ஏத்த மாட்டேன்னு நானும் பதிலுக்குக் கத்துறேன். உன் ஆபீஸ் என்னையும் ஒரு போலீஸ்காரி ஆக்கிட்டுது.

ஜூன்ல கொடி பாலத்துக்கு அந்தாண்ட இருந்துது. ஜூலையில பாலத்துக்கு இந்தாண்ட வந்துது. இப்போ எங்க படகுத்துறையிலேர்ந்து கூப்பிட்டா கேக்குற தூரத்துல நிக்குது. பறவை வர்ற எடமாம், போகக் கூடாதாம். சரி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஓட்டக் கூடாதாம். அதுவும் சரி. படகு ஓட்டப் பரீட்சை வச்சீங்க, ஆதிமூலம் ரெண்டாவது தடவ பாஸ் பண்ணிட்டான், அதுவும் சரி.

எது சரியில்லன்னா, அந்தப் புது விடுதிக்காரனோட வெள்ளை மோட்டார் படகு. அது எந்தக் கொடிக்கும் நிக்கிறதில்ல. எங்கள ஒட்டிப் பறந்துகினு போவுது, எங்க படகு தொட்டில் மாதிரி ஆடுது. போன ஞாயித்துக்கிழமை அதுல குடும்பத்தோட யாரு போனாங்க தெரியுமா? உங்க பஞ்சநாதன் சாரு. ஜாக்கெட் போடல.

துறைப் படியில வேர்க்கடல விக்கிற பாக்கியலட்சுமி, உப்பளத்துல உன் மச்சானோட வேலை செய்யிற இருசப்பன் பொண்டாட்டி, அவ சொல்றா: "ஏங்க்கா, கொடியெல்லாம் நம்ம கண்ணுக்கு மட்டுந்தான் செவப்பாத் தெரியுதா?" எல்லாரும் சிரிச்சோம். எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சுது.

நீ கேளு. நீதானே அங்க இருக்க.

அக்கா

*

திண்டிவனம்
5.9.2005

அக்கா,

கேட்டேன். "அது வேற ஃபைல், உன் டேபிளுக்கு வராது" என்றார் பஞ்சநாதன் சார். மறுநாளே என்னை ஆபீஸ் வேலையிலிருந்து எடுத்து உங்கள் படகுத்துறைக் கண்காணிப்புக் கொட்டகையில் போட்டுவிட்டார். ஞாயிறு, விடுமுறை நாளிலும் டியூட்டி. தினமும் உன்னைப் பார்ப்பேன், பேச மாட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நீ என் அக்கா என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஆள்கூட அதிகமாக ஏற்றாதே. உன் படகில் ஒரு தப்பு வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வரத்தான் காத்திருக்கிறார்.

ஜெனிஷ்

*

மரக்காணம்
4.10.2005

ஜெனிஷு,

எழுத்து புரியாட்டி ரெண்டு தடவ படி.

நீ கொட்டகையில நின்னு எல்லாத்தையும் பாத்த. ஆனா நான் ஏன் அவள ஏத்தினேன்னு உனக்குத் தெரியாது, அதனால சொல்றேன். காந்தி ஜெயந்தி லீவு, கூட்டம். விழுப்புரத்துக் குடும்பம் ஆறு பேரு ஏறிட்டாங்க. பாக்கியலட்சுமி கூடைய வச்சிட்டு நின்னுகினு இருந்தா. அந்த வீட்டுப் பொண்ணு ஒண்ணு "நீங்க வரலியா"ன்னு கேட்டுது. இவ சிரிச்சிகிட்டே, "நாலு மாசமா ஏறுறவங்களுக்குக் கடல கட்டித் தர்றேன், நான் எங்க ஏறுனேன்"ன்னா. எனக்கு என்னமோ ஆயிடுச்சு. "ஏறுடி, ஒரு சுத்துதானே"ன்னேன். ஜாக்கெட் இல்ல. இருந்தது ஏறினவங்களுக்கும் ஆதிமூலத்துக்கும்தான். கொடிக்குள்ளாறதானே போவுதுன்னு விட்டுட்டேன்.

கொடிக்குள்ளாறதான் இருந்துது படகு. அந்த வெள்ளைப் படகுக்காரன் பாலத்துப் பக்கமிருந்து பறந்து வந்து எங்க படகுக்குக் குறுக்கால திரும்பினான். அவன் கெளப்பின அலை பக்கவாட்டுல அடிச்சுது. எல்லாரும் பயந்து ஒரே பக்கமா சாஞ்சாங்க. கவுந்துடுச்சு. ஜாக்கெட் போட்டவங்க மெதந்தாங்க. அவ படகுக்கு அடியில. ஆதிமூலம் முங்கி முங்கித் தேடி இழுத்துகினு வரும்போது மூச்சு இல்ல.

நேத்து அடக்கம் முடிஞ்ச கையோட பஞ்சநாதன் சாரு வீட்டுக்கு வந்தாரு. நாற்காலி போட்டும் உக்காரல. "படகு லேசா ஆடுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்தப் பொம்பள படியில வழுக்கித் தண்ணியில விழுந்துட்டா. அவ்ளோதான் நடந்தது" அப்பிடின்னாரு. விழுப்புரத்துக்காரங்க பயந்து போயிருக்காங்களாம், சாட்சி கீட்சின்னு அலைய மாட்டாங்களாம். மத்த படகுக்காரங்க பர்மிட்டெல்லாம் அவரு கையில, அவங்க வாயத் தொறக்க மாட்டாங்க. "அதிகமா ஏத்தினேன்னு எழுதினா நீ ஜெயிலுக்குப் போவ. ஒந்தம்பி பாத்துகிட்டே சும்மா இருந்தான்னு அவன் வேலையும் போவும்"னாரு.

நான் சரின்னு தலையாட்டிட்டேன். உன் மச்சான் வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தாரு.

கொட்டகையில இருந்தவன் நீ, நீ எழுதித் தர்றதுதான் நிக்குமாம். அவ படியில வழுக்கி விழுந்தான்னே எழுதிக் கொடுத்துடு. செத்தவ திரும்பி வரப் போறதில்ல. எனக்காகப் பண்ணு.

அக்கா

*

திண்டிவனம்
7.10.2005

அக்கா,

என்னால் முடியாது.

அவள் ஏறுவதை நான் பார்த்தேன். விசில் என் வாயில் இருந்தது. ஊதியிருக்கலாம். ஊதினால் எல்லாருக்கும் முன்னால் உன்னை நிறுத்தி அவளை இறக்கச் சொல்ல வேண்டும், ஜூன் மாசம் மாதிரி. ஒரு சுற்றுதானே என்று நானும் நினைத்தேன். நீ நினைத்ததையேதான் நினைத்தேன். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

தப்பு விடுதிக்காரனுடையது. அந்த வேகத்துக்கு ஆறு பேர் இருந்தாலும் படகு கவிழ்ந்திருக்கும். ஆனால் ஆறு பேருக்கும் ஜாக்கெட் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை எழுதினால் அது பொய். இரண்டையும் விட்டுப் படியில் வழுக்கினாள் என்று எழுதினால் அது வேறு என்னவோ. அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

சார் தினமும் கூப்பிட்டு எதிரில் உட்கார வைக்கிறார். காபி வாங்கித் தருகிறார். எழுதிய தாளைத் தள்ளி வைத்துவிட்டு வீட்டு விஷயம் பேசுகிறார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

என்னை இப்படிக் கேட்காதே.

ஜெனிஷ்

*

மரக்காணம்
14.10.2005

தம்பி,

நான் போன கடுதாசில கேட்டத மறந்துடு. கையெழுத்துப் போடாத.

நேத்து இருசப்பன் வீட்டுக்குப் போனேன். போகாம எத்தினி நாளுதான் இருக்கிறது? மழைக்கு முன்ன கடைசி உப்பு வாரிகிட்டு இருக்காங்க, அவரு வேலைக்குப் போகல. உன் மச்சான் போறாரு. பக்கத்துப் பாத்தி காலியா கெடக்குதாம். அதப் பாத்து நிக்க முடியலன்னு ரெண்டு நாளா மத்தியானமே வந்துடறாரு. எங்கிட்ட பேச்சும் இல்ல.

அந்த வீட்டுக்குள்ள போனா அவரு செவுத்தப் பாத்து உக்காந்திருக்காரு. "அக்கா, அவ அந்தப் படியில தெனம் ஏறி எறங்கினவ. பாசி எந்தக் கல்லுல இருக்குதுன்னு தெரிஞ்சவ. எப்பிடி வழுக்குவா?" அப்பிடின்னு கேட்டாரு. "அன்னிக்குக் காலையில நான் அவள அடிச்சேன்"ன்னாரு. சோத்துல உப்பு இல்லன்னு ஆரம்பிச்ச சண்டையாம். "அவ வழுக்கல. வேணும்னே விழுந்திருக்கா. நான்தான் கொன்னுட்டேன்." அவ தம்பிங்களும் அதையே சொல்லி அவர் சட்டையப் புடிச்சிருக்காங்க. ஊர்லயும் அதான் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க கயிறு, பூச்சிமருந்து எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சி வச்சிருக்காங்க.

நாம ஒரு பொய் சொன்னோம். அது நம்மளக் காப்பாத்துறதோட நிக்கும்னு நெனச்சேன். அது போயி அந்த மனுசன் கழுத்துல உக்காந்திருக்குது.

நான் ஜெயிலுக்குப் போனாலும் பரவால்ல. நீ பாத்தத எழுது.

அக்கா

*

திண்டிவனம்
14.10.2005

அக்கா,

நீ கேட்டபடி செய்துவிட்டேன். இன்று மத்தியானம் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு தாளை எதிரில் வைத்தார். ஒன்றில் நீ அளவுக்கு மேல் ஆள் ஏற்றி ஒரு உயிர் போகக் காரணமானாய் என்று இருந்தது. அதில் வெள்ளைப் படகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொன்றில் அவள் படியில் வழுக்கினாள் என்று இருந்தது. "மூணாவது தாள் கிடையாது" என்றார். "முதல் தாள்ல போட்டா, நாளைக்கு உன் அக்காவைக் கைது பண்ணப் போகும்போது நீயும் ஜீப்ல வரணும்" என்றார்.

இரண்டாவதில் போட்டேன். இந்தத் தடவை உன் முகம் கண் முன்னால் நின்றது.

இனிமேல் இதைப் பற்றி எழுதாதே. தூங்க வேண்டும்.

ஜெனிஷ்

*

மரக்காணம்
18.10.2005

தம்பி,

என் கடுதாசியும் உன் கடுதாசியும் ஒரே நாள்ல கெளம்பி நடு ரோட்டுல ஒண்ண ஒண்ணு தாண்டிப் போயிருக்குது. உன்னுது வந்ததும் கடவுளே இது இன்னா வெளையாட்டுன்னு அப்பிடியே உக்காந்துட்டேன். உன்மேல கோவம் இல்ல. நான் கேட்டுத்தான் நீ போட்ட.

இப்போ ஒண்ணு சொல்றேன். பாக்கியலட்சுமி தம்பிங்க மேலிடத்துக்கு எழுதிப் போட்டு, வர்ற திங்கக்கிழமை 24-ம் தேதி மேல் விசாரணை வச்சிருக்காங்க. வேற பெரிய அதிகாரி, வெளியிலேர்ந்து வர்றாராம். என்னையும் ஆதிமூலத்தையும் கூப்பிட்டிருக்காங்க. நான் போறேன். நடந்தத நடந்தபடியே சொல்லப் போறேன். ஆதிமூலத்துக்கிட்டயும் சொல்லிட்டேன். "நீங்க எப்போ சொல்லுவீங்கன்னுதான்க்கா காத்துகினு இருந்தேன்"ன்னு அழுதுட்டான்.

நான் சொன்னா உன் கையெழுத்து பொய்யின்னு ஆயிடும். அதனால நீ முன்னாடியே போயி மாத்தி எழுதிக் கொடுத்துடு. அஞ்சு நாளு இருக்குது. உன்ன மாட்டிவிட்டுட்டு நான் நல்லவளா நிக்கணும்னு எனக்கு ஆசை இல்ல.

அக்கா

*

திண்டிவனம்
21.10.2005

அக்கா,

உனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! நாலாம் தேதி "எனக்காகப் பண்ணு", பதினாலாம் தேதி "பண்ணாதே", பதினெட்டாம் தேதி "மாற்று". உன் மனசு திரும்புகிற பக்கமெல்லாம் நானும் திரும்ப வேண்டும். நான் என்ன உன் படகின் சுக்கானா?

பொய் அறிக்கை கொடுத்தவனுக்கு வேலை மட்டுமல்ல, கேஸும் உண்டு. மாற்றி எழுதிக் கொடுக்கப் போனால் முதலில் படிக்கப் போவது பஞ்சநாதன் சார்தான். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், திங்கட்கிழமை போகாதே. உடம்பு சரியில்லை என்று சொல். மழை என்று சொல். இருசப்பனிடம் தனியாகப் போய் உண்மையைச் சொல்லிக்கொள், நான் தடுக்கவில்லை. ஆபீசில் சொல்லாதே.

நீ போனால் எனக்கு அக்கா இல்லை.

ஜெனிஷ்

*

திண்டிவனம்
26.10.2005

அக்கா,

திங்கட்கிழமை விசாரணை நடந்த கட்டடத்துக்கு நானும் வந்திருந்தேன். நீ பார்க்கவில்லை. உன்னை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் வந்தேன். மழையில் புடவையெல்லாம் நனைந்து, முந்தானையைப் பிழிந்துகொண்டே நீ ஏறி வந்தாய். எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை. ஜன்னல் ஓரமாக நின்றேன்.

நீ பேசியது முழுக்கக் கேட்டது. "ஏழாவது ஆளை ஏத்தினது நான்தான். ஜாக்கெட் இல்லாம ஏத்தினேன். அலையக் கெளப்பினது அந்தப் படகு. ரெண்டும் நடந்துது" என்றாய். பஞ்சநாதன் சார் எழுந்து, "கண்காணிப்பில் இருந்தவர் வேறு மாதிரி எழுதியிருக்கிறாரே" என்றார். அதிகாரி உன்னைப் பார்த்து, "அவர் பொய் சொல்லியிருக்கிறார் என்கிறீர்களா?" என்று கேட்டார். நீ முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாய். மறுபடியும் கேட்டார். "எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லிட்டேன்யா, அவரப் பத்தி எனக்குத் தெரியாது" என்றாய். என்னைத் தெரியாது என்றாய்.

நீயும் ஆதிமூலமும் வெளியே போன பிறகு நான் உள்ளே போனேன். யாரும் கூப்பிடவில்லை. "அந்த அறிக்கை என்னுடையதுதான், அது தப்பு" என்றேன். யார் எழுதச் சொன்னது என்று கேட்டார். சார் பக்கம் திரும்பினேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். நான் விசில் ஊதாமல் நின்றதையும் சொன்னேன்.

நேற்று சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தது. சட்டையையும் தோள்பட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். இருபத்தொன்றாம் தேதி நான் எழுதியதைக் கிழித்துப் போடு. இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறேன்.

உன் தம்பி
ஜெனிஷ்

*

மரக்காணம்
17.1.2006

அன்புள்ள தம்பிக்கு,

நீ சென்னைக்கு வேலை தேடிப் போனதுலேர்ந்து விலாசம் இல்லாம இருந்தேன். ரூம்ல உன்னோட இருந்த பையன் நேத்து கொடுத்தான். பொங்கலுக்கும் நீ வரல. இங்க நடந்ததச் சொல்லிடறேன்.

என் பர்மிட்ட ரத்து பண்ணிட்டாங்க. கோர்ட்டுல கேஸ் நடக்குது, மாசா மாசம் போகணும். வெள்ளைப் படகையும் புடிச்சிட்டாங்க, ஓட்டினவன் மேலயும் கேஸ். பஞ்சநாதன் சாருக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சாம், விசாரணை இன்னும் முடியலியாம். கொடியெல்லாம் அப்பிடியே இருக்குது. புதுசா வந்த ஆபீசரு துறையில தானே நின்னு ஆள எண்ணி ஏத்துறாரு. மத்தவங்க முணுமுணுக்கறாங்க. நான் முணுமுணுக்கல. படகு கரையில கவுந்து கெடக்குது. நானும் உன் மச்சானோட உப்பளத்துக்குப் போக ஆரம்பிச்சிட்டேன். இந்த வருசம் மழை அதிகம், பாத்தியெல்லாம் சேறு, அத மிதிச்சிச் சரி பண்ற வேலை. அவரு இப்போ பேசுறாரு.

நேத்து சாயங்காலம் இருசப்பன் நம்ம வீட்டுக்கு வந்தாரு. விசாரணைக்கு அப்புறம் எங்கள எங்க பாத்தாலும் வேற பக்கமா போயிடுவாரு. நேத்து நேரா வந்து வாசல்ல நின்னாரு. உன் மச்சான் எழுந்துட்டாரு, அடிக்கத்தான் வந்திருக்காருன்னு நெனச்சிட்டாரு.

"கேஸ நான் வாபஸ் வாங்க மாட்டேன்"ன்னாரு.

"வாங்காதீங்க"ன்னேன்.

போவாருன்னு பாத்தேன், போகல. "அப்போ அவ விழல. அவளாத்தான் ஏறிப் போனா?"ன்னு கேட்டாரு.

"ஆமா. நான் ஏறுன்னு சொன்னேன், உடனே ஏறிட்டா. செருப்பக் கழட்டிக் கையில எடுத்துகிட்டா."

"எங்க உக்காந்தா?"

"முன்னால. அந்தச் சின்னப் பொண்ணுக்குப் பக்கத்துல."

"பயந்தாளா?"

"இல்லீங்க. திரும்பி என்னப் பாத்துக் கைய ஆட்டினா. கூடைய யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க, பாத்துக்கோன்னு கத்தினா. அப்புறம் தண்ணியில கைய விட்டு அந்தப் பொண்ணு மூஞ்சியில தெளிச்சா. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. கரை வரைக்கும் கேட்டுது."

அவரு வாசப்படியில உக்காந்துட்டாரு. உன் மச்சான் உள்ள போயி தண்ணி மொண்டுகினு வந்து பக்கத்துல வச்சாரு. குடிக்கல. தலையத் தூக்காமலே, "முதல்லேர்ந்து இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னாரு.

நான் சொன்னேன்.

அக்கா
ஆனந்தம்மாள்